கனவுக் கலங்களும் காற்றின் தீர்ப்பும்

(பள்ளித் தமிழ்மன்ற ஆண்டுவிழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்க நாட்டில், ஊர்ப்புறத்தே ஒரு புல்வெளி. விடுமுறை நாளின் விடியற்பொழுது. காற்று இன்னும் எழவில்லை. ஒருவர் தம் வண்டியின் பின்கதவைத் திறந்து, நான்கு சிறகுகள் உடைய ஒரு வெண்ணிறக் கலத்தை மெல்ல எடுத்து வெளியே வைக்கின்றார். நீண்டு கூர்த்த மூக்கு. ஒவ்வொரு சிறகின் நுனியிலும் துமுக்கிக் குழல் போன்ற ஒரு கோல். பக்கங்களில் சிவந்த கோடுகள். கண்ட சிறுவர் எல்லாரும் ஓடி வருகின்றனர். அதன் பெயர் அவர்களுக்குத் தெரியும். அதனைத் திரையிலே கண்டவர்கள் அவர்கள். ஆனால் அப்படியொரு கலம் எந்நாட்டுப் படையிலும் இல்லை. எந்த விண்வெளிக்கும் அது சென்றதில்லை. கதைக்காக வரையப்பட்டது அது. நிலத்தில் அதற்கு முன்னோர் இல்லை. ஆயினும், துணைக்கு நின்றவர் அதனைக் கையில் ஏந்தி முன்னோக்கி எறிய, அது ஒரு நொடி தாழ்ந்து, பின் நிமிர்ந்து, மின்னோடி இரைய, மரங்களுக்கு மேலே எழுந்து வட்டமிடுகின்றது!

இது வெறும் விளையாட்டன்றோ? இதற்குத் தமிழ்மன்றத்தில் என்ன வேலை? என்று சிலர் வினவலாம். வினவத்தான் வேண்டும். அவ் வினாவுக்கு விடை இச் சொற்பொழிவின் இறுதியில் கிடைக்கும். அதற்குமுன், பறக்க இயலாத ஒன்றை மாந்தர் எவ்வாறு பறக்க வைத்தனர் என்பதைப் பொறுமையோடு காண வேண்டும். ஏனெனில் அங்கேதான் கனவு முடிந்து அறிவு தொடங்குகின்றது.

நிற்கும் கலம், நகரும் கருவி

இக் கனவுக் கலங்களுள் மூத்தவை மூன்று குடும்பத்தைச் சேர்ந்தவை. முதலாவது, இங்கிலாந்தில் 1965ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் தோன்றிய ‘தண்டர்பேர்ட்சு’. அதில் வந்த மீட்பு ஊர்திகளெல்லாம் மெல்லிய கம்பிகளில் தொங்கவிடப்பட்ட சிற்றுருக்கள். இரண்டாவது, அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் தொடங்கிய ‘இசுட்டார் திரெக்கு’. அதன் தலைமைக் கலத்துக்கு ‘என்ட்டர்பிரைசு’ என்று பெயர். துணிந்து மேற்கொள்ளும் முயற்சி என்பது அச் சொல்லின் பொருள். மூன்றாவது, 1977ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் வெளிவந்த ‘இசுட்டார் வார்சு’ திரைப்படம். புல்வெளியில் பறந்த நாற்சிறகுக் கலம் அதில் வந்ததே.

என்ட்டர்பிரைசை வடிவமைத்த மாட்டு செபரீசு என்பார் வானூர்தி ஓட்டத் தெரிந்தவர். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு ஊர்திகளில் பணியாற்றியவர். அவர் ஒரு கரணியத்தோடுதான் அதனை வரைந்தார். கற்பனைக்கெட்டாத ஆற்றலுடைய பொறிகள் மாந்தர் வாழும் இடத்துக்கு அருகில் இருத்தல் தீங்கு என்று கருதி, அவற்றை இரண்டு நீண்ட குழல்களில் அடைத்து, உடலை விட்டு விலக்கி உயர்த்தி வைத்தார். மாந்தர் வாழும் பகுதியை ஒரு பெருந்தட்டாக அமைத்தார். படப்பிடிப்புக்கென மரத்தாலும் நெகிழியாலும் செய்யப்பட்ட அதன் பெரிய உரு 11 அடி நீளம் உடையது. 1974இல் அது வாசிங்டனிலுள்ள சுமித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வழங்கப்பட்டது. அது ஒரு தாங்கியின்மேல் அசையாது நின்ற கலம்; ஒருநாளும் பறந்ததன்று.

இசுட்டார் வார்சில் நடந்ததோ இன்னும் வியப்பு. அப் படத்தில் கலங்கள் சீறிப் பாய்வதைக் கண்டு உலகமே மூச்சடக்கி நின்றது. ஆனால் படப்பிடிப்புக் கூடத்தில் கலம் நின்றது, படக்கருவிதான் நகர்ந்தது! தண்டவாளத்தின்மேல் அமைத்த படக்கருவியை மின்னணுப் பொறியால் இயக்கி, ஒரே வழியில் மீண்டும் மீண்டும் ஓடச் செய்து, பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அப் பறத்தலைப் படைத்தனர். கலங்களின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய வேலைப்பாடுகளோ, கடைகளில் விற்கும் பீரங்கிவண்டி, கப்பல் முதலிய விளையாட்டுச் சிற்றுருப் பெட்டிகளிலிருந்து எடுத்து ஒட்டப்பட்ட துண்டுகள்.

பெருமக்களே, இதனை நன்கு உளங்கொள்ள வேண்டும். திரையிலே பறந்தவை எவையும் பறந்தவை அல்ல. அவற்றை வரைந்தோர் காற்றைப் பற்றி எண்ண வேண்டிய தேவையும் இல்லை. விண்வெளியில் காற்றில்லை. காற்றில்லாத இடத்தில் சிறகும் வேண்டா, சிறகின்மையும் குறையன்று. ஆதலின் பெட்டி வடிவிலும் தட்டு வடிவிலும் பந்து வடிவிலும் அவர்கள் தம் விருப்பம்போல் வரைந்தனர். அக் கலங்களை முதன்முதலில் உண்மையாகப் பறக்கச் செய்தவர்கள் திரைப்படத்தார் அல்லர். தம் வீட்டுப் பின்கட்டில் கத்தியும் பசையும் கொண்டு உழைத்த சுவைஞர்களே!

கைக்கும் கலத்துக்கும் இடையே

பறப்பது ஒருபுறம் இருக்க, தொலைவிலுள்ள கலம் கைக்கு அடங்குவது எவ்வாறு? அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1898ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில், நிக்கோலா தெசுலா என்னும் அறிஞர் நீர்த்தொட்டி ஒன்றில் ஒரு சிறு படகை மிதக்கவிட்டார். கம்பித் தொடர்பு ஏதுமின்றி, வானலையால் மட்டுமே அதனைத் திருப்பிக் காட்டினார். கண்டவர்களுள் சிலர், படகினுள்ளே பழக்கிய குரங்கு ஒன்று இருப்பதாகக்கூட எண்ணினர் என்பர். அறியாமை எப்போதும் ஒரு குரங்கைத் தேடிக்கொண்டுதான் இருக்கும்!

அதன்பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, 1937இல், மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்ட்டர் குட்டு, வில்லியம் குட்டு என்னும் இரட்டைப் பிறவியர், எட்டடிச் சிறகுடைய சிற்றுரு வானூர்தி ஒன்றை வானலையால் இயக்கிப் பறக்கவிட்டனர். அவ்வூர்தியும் இன்று சுமித்சோனியன் கருவூலத்தில் இருக்கின்றது. கதையில் மட்டும் பறந்த என்ட்டர்பிரைசும், கையால் செய்து உண்மையில் பறந்த குட்டு உடன்பிறப்பினரின் ஊர்தியும் ஒரே நிறுவனத்தின் காப்பில் உள்ளன என்பது எண்ணத் தக்கது.

பின்னாளில் ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே அலைவெண்ணில் இருவர் தம் கருவிகளை இயக்கினால், ஒருவர் கலம் மற்றவர் சொல்லைக் கேட்டுத் தரையில் மோதி நொறுங்கும். அதனால் பறப்புக்களங்களில் அலைவெண்ணுக்கு ஓர் அடையாளக் கட்டை வைத்து, கட்டையைக் கையில் வைத்திருப்பவரே கருவியைத் திறக்கலாம் என்று ஒழுங்கு செய்திருந்தனர். 2005ஆம் ஆண்டுக்குப்பின் பரவிய 2.4 கிகா எர்ட்சுக் கருவிகள் அச் சிக்கலைத் தீர்த்தன. அவற்றுள் பல ஓர் அலைவெண்ணில் நில்லாமல், நொடிக்குப் பலமுறை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகின்றன. செலுத்தியும் வாங்கியும் ஒரே ஒழுங்கில் தாவுவதால், பிறர் குரல் இடைபுகுவதில்லை.

இத் தாவல் முறைக்கு 1942ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் புதுப்புனைவு உரிமை பெற்றவர்களுள் ஒருவர் யார் என நினைக்கின்றீர்கள்? எடி இலமார் என்னும் திரைப்பட நடிகையார்! சியார்சு ஆண்டேல் என்னும் இசைவாணரோடு சேர்ந்து, நீர்மூழ்கு கணையைப் பகைவர் குறுக்கிடாவண்ணம் வானலையால் செலுத்த அவர் இதனை எண்ணினார். தானே இசைக்கும் இசைப்பெட்டியின் துளைத்தாள் சுருள் போன்ற ஒன்றால் 88 அலைவெண்களிடையே தாவச் செய்யலாம் என்பது அவர்தம் கருத்து. அப் போரில் அமெரிக்கக் கடற்படை அதனைப் பயன்படுத்தவில்லை. அழகு முகத்தை மட்டும் கண்டு அதன் பின்னிருந்த அறிவை அவ்வுலகம் காணத் தவறியது.

காற்று கேட்கும் நான்கு வினாக்கள்

கை நீட்டிய இடத்துக்குக் கலம் திரும்பும், சரி. ஆனால் முதலில் அது எழவேண்டுமே! அங்கேதான் காற்று தன் முறைமன்றத்தைக் கூட்டுகின்றது. அம் மன்றத்தில் புகழ் செல்லாது, பழம்பெருமை செல்லாது, திரையில் எத்துணைக் கோடிப் பேர் கைதட்டினர் என்பதும் செல்லாது. நான்கே வினாக்கள்.

முதல் வினா: உன் எடைநடுவம் எங்கே? சிறகு தூக்கும் இடத்துக்குச் சற்று முன்னே எடைநடுவம் அமைய வேண்டும். இன்றேல் மூக்கு மேலெழுந்து கலம் குப்புற வீழும். நாற்சிறகுக் கலத்துக்குச் சிறகுகளும் பொறிகளும் பின்கோடியில் உள்ளன. ஆதலின் பின்புறம் கனக்கும். இதற்கு என்ன தீர்வு? எடைமிக்க மின்கல அடுக்கை அந் நீண்ட மூக்கினுள் முன்னோக்கித் தள்ளி வைக்கின்றனர். நெம்புகோல் நீளமானதால் சிற்றெடையே போதும். இக் கலத்தின் முதல் வடிவை எண்ணிய கோலின் காண்ட்டுவெல் என்பார், இங்கிலாந்து மதுக்கடைகளில் சுவர்ப் பலகையை நோக்கி எறிந்து விளையாடும் சிறகம்பை நினைந்தே அதனை வரைந்ததாகக் கூறியுள்ளார். முன்னே கனம், பின்னே சிறகு: அம்பு நேரே செல்வதன் மறை அதுதான். ஓவியர் வடிவை மட்டும் எடுத்துக்கொண்டார். கைவினைஞர் அதன் உள்ளறத்தையும் மீட்டெடுத்தார்.

இரண்டாம் வினா: உன் எடை எவ்வளவு? இதில் பலர் தோற்பர். ஒரு கலத்தை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருமடங்கு ஆக்கினால், சிறகின் பரப்பு நான்கு மடங்கு ஆகும். எடையோ எட்டு மடங்கு ஆகிவிடும். ஓரடிக் கலம் 100 கிராம் என்றால், அதே பொருளால் அதே முறையில் செய்த ஈரடிக் கலம் 800 கிராம். ஒவ்வொரு விரற்கடைச் சிறகும் முன்னினும் இருமடங்கு சுமை தாங்க வேண்டும்; அதனால் ஏறத்தாழ 1.4 மடங்கு விரைந்து பறந்தாக வேண்டும். திரைக்கலங்களுக்கோ உடல் பெரிது, சிறகு சிறிது. எனவே உள்ளே பொள்ளல் ஆக்கி, மெல்லிய நுரைப்பலகையால் ஓடு மட்டும் செய்கின்றனர். வண்ணம் பூசும்போதும் விழிப்பு வேண்டும். சிலவகை வண்ணங்களில் கலந்துள்ள கரைப்பான் நுரையையே தின்றுவிடும். பல கிழமை உழைப்பு ஒரே மாலையில் உருகிக் குழியாகும். கணக்கில் தேர்ந்தவரும் வண்ணத்தில் வழுக்கிய கதைகள் இத் துறையில் உண்டு.

சிறகை எளிதாக்கவும் ஒரு வழி உண்டு. இரிச்சர்டு கிளைன், புளாய்டு போகிள்மன் என்னும் இருவர் தாளில் மடித்த பறவையிலிருந்து கண்டு, 1972இல் உரிமை பெற்ற படிக்கட்டுச் சிறகு அது. தட்டையான பலகையின்மேல் பாதி அகலத்துக்கு இன்னொரு பலகையை ஒட்டிவிட்டால், நடுவே ஒரு படி அமையும். பெரிய வானூர்திகளில் இது நிலைபெறவில்லை. மெல்லப் பறக்கும் நுரைக்கலங்களுக்கோ எளிய, வலிய, செலவற்ற சிறகாக இது வாய்த்தது. பெரியோர் தள்ளிய ஒன்று சிறியோர்க்குப் பயன்பட்டது.

மூன்றாம் வினா: உன்னை உந்துவது எங்கிருந்து? என்ட்டர்பிரைசின் பொறிக்குழல்கள் உயரத்தில் உள்ளன. கதைக்கு இணங்கி அங்கேயே விசிறிகளைப் பொருத்தினால், உந்துவிசை எடைநடுவத்துக்கு மேலே செல்லும்; விரைவு கூட்டுந்தோறும் கலம் தலைகவிழப் பார்க்கும். அதனால் விசிறியைத் தாழ்த்தியோ சாய்த்தோ பொருத்த நேர்கின்றது. அதன் பெருந்தட்டோ எதிர்பாராத துணை. தட்டு பறக்குமா என்று நகைப்பவர்கள் அறியவேண்டும்: 1942ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், சார்லசு சிம்மர்மன் வடிவமைத்த வட்டமான வானூர்தி ஒன்று கனெட்டிக்கட்டு மாநிலத்தில், ஓட்டுநர் ஒருவரோடு உண்மையாகவே பறந்தது. ‘பறக்கும் அப்பம்’ என்று அதற்குப் பட்டப்பெயர் இட்டனர். ஆக, என்ட்டர்பிரைசின் தட்டையே சிறகாகக் கொள்ளலாம் என்னும் துணிவுக்கு உண்மை வரலாற்றிலேயே சான்று உண்டு.

நான்காம் வினா: உன் முகம் எது? முதுகு எது? இதனை எவரும் முன்கூட்டி எண்ணுவதில்லை. மேலும் கீழும் ஒத்த நாற்சிறகுக் கலமோ வட்டத்தட்டோ நூறு மீட்டர் தொலைவு சென்றதும், ஒரு கரும்புள்ளி ஆகிவிடும். நேரே பறக்கின்றதா, தலைகீழாகப் பறக்கின்றதா, வருகின்றதா, போகின்றதா என்று தெரியாது. வலக்கோலைத் தள்ளுவதா, இடக்கோலைத் தள்ளுவதா என்று கை தடுமாறும் அந்த ஒரு நொடியில் கலம் மண்ணைத் தொட்டுவிடும். ஆகவே திரையில் சாம்பல் நிறமாக இருந்த அடிப்பக்கத்துக்குப் பலர் அடர்ந்த நிறம் தீட்டுகின்றனர். கதைக்குப் பொய், கண்ணுக்கு மெய்.

ஆம்! இக் கலையின் அறச்சிக்கல் முழுவதும் இதுதான். கதையின் வடிவுக்கு எவ்வளவு உண்மையாக இருப்பது? காற்றின் நெறிக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது? முற்றும் கதைக்கே உண்மையாக இருப்பவரின் கலம் நிலைப்பேழையில் நிற்கும். முற்றும் காற்றுக்கே விட்டுக்கொடுப்பவரின் கலம் நன்றாகப் பறக்கும்; ஆனால் எந்தச் சிறுவனும் அதனைக் கண்டு பெயர் சொல்லி ஓடிவர மாட்டான். இரண்டுக்கும் நடுவே, மயிரிழை போன்ற பாதையில் நடப்பவரே கைவினைஞர்.

விசிறியா? சிறகா?

சில வடிவங்களுக்கோ அந்த மயிரிழைப் பாதையும் இல்லை. இசுட்டார் வார்சில் பகைவர் ஊர்ந்த ‘டை’ என்னும் போர்க்கலம், ஒரு பந்தின் இருபுறமும் இரண்டு சுவர்களை நிறுத்தியது போன்றது. சுவர்கள் தூக்குவிசை தரா. பக்கக்காற்றுக்குப் பாய்மரமாகவே நிற்கும். ‘மில்லினியம் பால்கன்’ என்னும் கலமோ தட்டின் வலப்புறத்தில் மட்டும் ஓட்டுநர் அறையைத் துருத்திக்கொண்டிருப்பது; ஒருபக்கம் கனத்து ஒருபக்கம் இழுக்கும்.

இத்தகையவற்றுக்கு வாழ்வளித்தது நான்கு விசிறி அமைப்பு. செங்குத்தாக எழுப்பும் நான்கு சிறு விசிறிகளை உடலின் துளைகளுள் மறைத்துவிட்டால், வடிவம் எதுவாயினும் எழும். 2015ஐ ஒட்டி மில்லினியம் பால்கன் அவ்வாறே நுரையால் செய்யப்பட்டு விளையாட்டுப் பொருளாகக் கடைகளுக்கு வந்தது. 2019ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பெரிய நாற்சிறகுக் கலங்கள் இரவு வானில் எழுந்து மக்களை வியப்பில் ஆழ்த்தின. அவை சரக்குச் சுமக்கப் போயிங்கு நிறுவனம் ஆய்ந்துவந்த ஆளில்லா ஊர்திகளுக்குப் போர்த்திய கதைச்சட்டைகளே.

நான்கு விசிறிகளையும் நிகராக ஆள்வது மாந்தக் கைக்கு ஒல்லாது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சாய்வை அளந்து திருத்தும் மணலளவுச் சில்லு ஒன்று அதனைச் செய்கின்றது. அதே வகைச் சில்லு இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் உள்ளது. 1984ஆம் ஆண்டு திசம்பர் 14ஆம் நாள், சிறகுகள் முன்னோக்கி வளைந்த எக்சு-29 என்னும் வானூர்தி அமெரிக்காவில் பறந்தது. நிலைப்பாடற்ற அவ்வடிவைக் கணிப்பொறிகள் நொடிக்கு 40 முறை திருத்திக் காத்தன. அன்று ஓர் அரசின் பொருள்வளம் தேவைப்பட்ட அத் திறன், இன்று பள்ளிச் சிறுவனின் கைப்பொருளுக்கு எட்டியுள்ளது. தண்டர்பேர்ட்சின் இரண்டாம் ஊர்திக்கும் முன்னோக்கி வளைந்த சிறகே. 1965இல் கம்பியில் தொங்கிய அவ்வடிவம் இன்று திருத்தும் சில்லோடு காற்றிலே நிற்கவல்லது.

விசிறியால் தூக்குவது ஏமாற்று என்பர் சிறகுக் கட்சியார். சிறகால் பறக்க வடிவைச் சிதைப்பதே ஏமாற்று என்பர் விசிறிக் கட்சியார். வழக்கு இன்னும் முடியவில்லை. முடிய வேண்டுவதும் இல்லை.

விளையாட்டு ஆசானாகிய கதை

இனி, இவ்வளவையும் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளுவோர்க்கு ஒரு செய்தி.

அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, 1970களில் மீண்டும் மீண்டும் பயன்படும் விண்ணோடத்தைக் கட்டியது. ‘கான்சுடிட்டியூசன்’ என்று அதன் முதல் ஓடத்துக்குப் பெயரிட இருந்தனர். இசுட்டார் திரெக்குச் சுவைஞர்கள் விடுத்த மடல்கள் வெள்ளமெனக் குவிந்தன. 1976ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அவ்வோடம் வெளிக்கொணரப்பட்டபோது, அதன் பெயர் என்ட்டர்பிரைசு! அத் தொடரில் நடித்தவர்களும் அவ் விழாவில் நின்றனர். கதைக்கலம் மெய்க்கலத்துக்குப் பெயர் ஈந்தது.

அந்த ஓடத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வது எப்படி? போயிங்கு 747 என்னும் பெரிய வானூர்தியின் முதுகில் ஏற்றிச் செல்லலாம் என்றார் சான் கைக்கர் என்னும் நாசாப் பொறியாளர். வானிலே அது முதுகிலிருந்து பிரியும்போது ஊர்தியின் வாலில் மோதாதா? பலர் ஐயுற்றனர். கைக்கர் ஓய்வுப்பொழுதில் சிற்றுரு வானூர்தி செய்பவர். அவர் 747க்கும் ஓடத்துக்கும் நாற்பதில் ஒரு பங்கு அளவில் வானலைச் சிற்றுருக்களைக் கட்டி, ஒன்றன் முதுகில் ஒன்றை ஏற்றிப் பறக்கவிட்டு, வானிலேயே பிரித்தும் காட்டினார்.

1977ஆம் ஆண்டு ஆகத்து 12ஆம் நாள், கலிபோர்னியாவில் மெய்யான என்ட்டர்பிரைசு மெய்யான 747இன் முதுகிலிருந்து பிரிந்தது. பொறியின் துணையின்றி, ஐந்து நிமையங்களுக்குச் சற்று மேற்பட்ட நேரம் காற்றில் சறுக்கி, நலமே தரையிறங்கியது. அவ்வாண்டு அத்தகைய பறப்புகள் ஐந்து நிகழ்ந்தன. அவ்வோடம் ஒருநாளும் விண்வெளிக்குச் செல்லவில்லை. 2012 முதல் நியூயார்க்கு அருங்காட்சியகம் ஒன்றில் நிற்கின்றது. ஆனால் அது காற்றில் கற்ற பாடத்தைக் கொண்டே பின்வந்த ஓடங்கள் விண் சென்று மீண்டன.

மாணவச் செல்வங்களே, எண்ணிப் பாருங்கள்! புல்வெளியில் பறக்கும் நுரைக்கலமும் ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ அதே ஐந்தாறு நிமையந்தான் பறக்கும். அந்த ஐந்து நிமையத்துக்கும் இந்த ஐந்து நிமையத்துக்கும் இடையே உறவே இல்லை என்று யார் சொல்வார்?

காப்பும் கடமையும்

இக் கலையில் இடரும் உண்டு. இலித்திய மின்கலம் அடிபட்டாலோ மிகையாக மின்னேற்றினாலோ தீப்பற்றும். சுழலும் விசிறி விரலைப் பிளக்கும். அதனால் அரசுகள் வரம்பு விதித்துள்ளன. அமெரிக்காவில் 250 கிராமுக்கு மேற்பட்ட கலத்தை உடையவர் பதிவு செய்ய வேண்டும். கண்ணுக்கெட்டிய தொலைவிலேயே பறக்கவிட வேண்டும். பொதுவாக 400 அடிக்குமேல் செல்லல் ஆகாது. 2023ஆம் ஆண்டு முதல் பதிவுக்குரிய கலங்கள், அதற்கென ஒதுக்கிய களங்களில் அன்றிப் பிற இடங்களில், தம் அடையாளத்தை வானலையால் அறிவித்துக்கொண்டே பறத்தல் வேண்டும். இந்தியாவிலும் 2021ஆம் ஆண்டின் ஆளில்லா வானூர்தி நெறிகள் உள்ளன. செய்து பார்க்க விழைவோர் முதலில் அவற்றைப் படித்தறிதல் கடன்.

பழம்பாட்டும் புதுக்கையும்

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது வருவோம். தமிழ்மன்றத்தில் இதற்கென்ன வேலை?

புறநானூற்றின் 27ஆம் பாட்டில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியை நோக்கிப் பேசுகையில், ஓட்டுவார் எவரும் செலுத்தாமல் தானே செல்லும் வான ஊர்தியைக் குறிப்பிடுகின்றார். சீவக சிந்தாமணியில், சச்சந்தன் தன் தேவி விசயைக்கு மயில் வடிவப் பொறி செய்வித்து, அதனை இயக்கவும் பழக்குகின்றான். நாடு பறிபோன நாளில் அப் பொறியேறியே அவள் தப்புகின்றாள். மேடைகளில் இவற்றை எடுத்துச் சொல்லி, வானூர்தியை உலகுக்கு ஈந்தவன் தமிழனே என்று முழங்குவோர் உளர். கைதட்டலும் எழுகின்றது.

அக் கைதட்டலைக் காற்று கேட்பதில்லை. பாட்டில் ஊர்தி இருப்பதற்குச் சான்று உண்டு; வானில் இருந்ததற்குச் சான்று இல்லை. சாத்தனார் வாக்கிலுள்ளது நல்லோர் எய்தும் மேலுலகச் செலவு. திருத்தக்கதேவர் படைத்தது காப்பியப் புனைவு. இவை தமிழன் கண்ட கனவுகள், அழகிய கனவுகள். கனவு கண்டவன் என்று பெருமை கொள்ளத் தடையில்லை. செய்து முடித்தவன் என்று பொய் சொல்வதோ, அக் கனவைக் கண்ட புலவர்க்கே இழுக்கு. அமெரிக்கச் சுவைஞர் எவரும் தம் முன்னோர் என்ட்டர்பிரைசில் விண்ணுக்குச் சென்றனர் என்று சொல்வதில்லை. கதையைக் கதை என்று அறிந்தே, அதனைக் கையால் செய்து, தோற்று, மீண்டும் ஒட்டிப் பறக்கவிடுகின்றனர். அங்கேதான் அவர்கள் வெல்கின்றனர்.

இன்னொன்றும் காணத் தக்கது. நாற்சிறகுக் கலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘எக்சு-விங்கு’. முன்னிருந்து பார்த்தால் அவர்தம் நெடுங்கணக்கின் எக்சு என்னும் எழுத்துப் போல் தோன்றுவதால் அப் பெயர். அதன் உடன்பிறப்புகளுக்கும் ஒய், ஏ, பி என்று எழுத்துகளே பெயர். கண்ட வடிவுக்குத் தம் தாய்மொழி எழுத்தையே எடுத்து இட்டார்கள். வேற்றுமொழியில் கடன் கேட்கவில்லை. அவ்வளவுதான், அதிலே பெருமுழக்கம் ஏதும் இல்லை.

தமிழ்ச் சிறுவன் ஒருவன் மூன்று விசிறிகளை முக்கோணமாக அமைத்து ஒரு கலம் செய்வானாயின், அதனை மேலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு எது தோன்றும்? ஆய்த எழுத்தின் முப்புள்ளி! மூன்று விசிறிக் கலங்கள் உலகில் உண்மையாகவே உள்ளன. ஒற்றைப்படை விசிறிகள் ஆதலின் அவற்றின் முறுக்குவிசை ஒன்றையொன்று முற்றும் ஈடுசெய்யாது. பின்விசிறியைச் சற்றே சாய்த்துத்தான் அதனை நேர்நிறுத்த வேண்டும். அச் சாய்வு எத்துணைப் பாகை என்பதை எந்தப் பழம்பாட்டும் சொல்லாது. அவனே அளந்து, அவனே தோற்று, அவனே காண வேண்டும். கண்டு பறக்கவிட்ட நாளில் அவன் அதற்கு ‘ஆய்தம்’ என்று பெயரிடட்டும். மயிற்பொறி என்றே ஒரு பெயரையும் வைக்கட்டும். அன்று சிந்தாமணியைக் கற்றதன் பயனும் இயற்பியலைக் கற்றதன் பயனும் ஒன்றாகும்.

அந்தப் புல்வெளிக்கு ஒருமுறை திரும்புவோம். நாற்சிறகுக் கலம் தரையிறங்கும்போது காற்று எழுந்துவிட்டது. ஒருபக்கச் சிறகு நிலத்தில் இடித்து முறிந்தது. சிறுவர் ஐயோ என்றனர். உரியவர் துண்டுகளைப் பொறுக்கினார், முறிவைப் பார்த்தார், மின்கலத்தை இன்னும் ஒரு விரற்கடை முன்னே தள்ள வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பின் வண்டியை நோக்கி நடந்தார். காற்று சொன்ன தீர்ப்பை அவர் மறுக்கவில்லை. அடுத்த விடுமுறைக்குள் திருத்திக்கொண்டு வருவார்.

தமிழர் கனவுகளும் அம் மன்றத்தில் ஒருநாள் நின்று, தோற்று, திருந்தி, எழுக!